வேர்ட்பிரஸ் பிளகின் மக்கர் செய்தால்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

ஒரு சிற்றிதழ், இரண்டு பள்ளிகள், ஒரு விதைக்கடை, ஒரு சமையல் குறிப்புத் தளம் என்று பத்துப் பன்னிரண்டு வேர்ட்பிரஸ் தளங்களைச் சில வருடங்களாகப் பார்த்துக்கொள்கிறேன். "சைட் வரலை" என்று இரவில் வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு பிளகினில்தான் போய் முடிகின்றன. ஒரே கோளாறை நாலாவது, ஐந்தாவது தடவை சரிசெய்யும்போது எழுதி வைத்த குறிப்புகள் இவை. வேர்ட்பிரஸ் தளத்துக்குப் புதிய வசதி சேர்க்கும் துணை நிரலைச் செருகுநிரல் என்று தமிழில் எழுதுகிறோம்; பேச்சில் எல்லோரும் பிளகின் என்றே சொல்வதால் இங்கேயும் அப்படியே விட்டுவிட்டேன்.

நான் முதலில் கேட்பது "கடைசியாக எதைத் தொட்டீர்கள்?" என்றுதான். பெரும்பாலும் "எதையுமே தொடலையே" என்று பதில் வரும். அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் நாம் தொடாமலேயே தளம் மாறும். 2020 ஆகஸ்டில் வந்த 5.5 பதிப்பிலிருந்து பிளகின்கள் தாமாக அப்டேட் ஆகும் வசதி இருக்கிறது. தளத்தைத் தன் சர்வரில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனம், வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல்மொழியான பிஎச்பியின் பதிப்பை உயர்த்தியிருக்கும். கட்டணப் பிளகின் ஒன்றின் உரிமம் முடிந்து அப்டேட் நின்றுபோயிருக்கும். அதனால் "எப்போதிலிருந்து இப்படி?" என்று நாளையும் நேரத்தையும் சேர்த்துக் கேளுங்கள். அந்த நேரத்தை வைத்துப் பாதிக் காரணத்தைப் பிடித்துவிடலாம்.

கை வைக்கும் முன் இரண்டு வேலை. கோப்புகள், தரவுத்தளம் இரண்டுக்கும் பேக்கப் எடுங்கள்; டாஷ்போர்டு (தளத்தின் நிர்வாகப் பக்கம்) திறக்கவில்லை என்றால் ஹோஸ்டிங் பேனலிலேயே எடுக்கலாம். அப்புறம், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதைத் தாளில் எழுதுங்கள். பதற்றத்தில் மூன்றை ஒன்றாக மாற்றினால், தளம் திரும்பி வந்தாலும் எது சரிசெய்தது என்று தெரியாது. அடுத்த மாதம் அதே கோளாறு திரும்ப வரும்.

## அறிகுறி 1: வெள்ளைத் திரை, அல்லது "முக்கியமான பிழை" என்ற ஒற்றை வரி

### மீட்பு மின்னஞ்சல் வந்திருக்கிறதா?

2019 மே மாதம் வந்த 5.2 பதிப்பிலிருந்து, பிளகின் ஒன்று தளத்தைக் கவிழ்த்தால் நிர்வாகி முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் போகும். எந்தப் பிளகின், எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி என்று அதில் இருக்கும். கூடவே மீட்பு முறையில் நுழைய ஒரு இணைப்பும் இருக்கும். ஒரு நாள்தான் அது செல்லும். ஸ்பேம் பெட்டியையும் பாருங்கள். இணைப்பைச் சொடுக்கி உள்ளே போனால் சண்டைக்காரப் பிளகின் உங்களுக்கு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். அதை முறையாக முடக்குங்கள். தளம் எல்லோருக்கும் திறந்துவிடும்.

நான் பார்த்த பல தளங்களில் இந்த மின்னஞ்சல் போய்ச் சேர்ந்த இடம் தளத்தை முதலில் கட்டிக்கொடுத்தவரின் பழைய முகவரி. இன்றே பொது அமைப்புகளில் போய் நிர்வாகி முகவரி யாருடையது என்று பாருங்கள்.

### மின்னஞ்சல் இல்லை, உள்ளேயும் போக முடியவில்லை

ஹோஸ்டிங் பேனலில் கோப்பு மேலாளரைத் திறந்து 'டபிள்யூபி-கன்டென்ட்' கோப்புறைக்குள் போங்கள். அங்கே 'பிளகின்ஸ்' என்ற கோப்புறை இருக்கும். எந்தப் பிளகின் மீது சந்தேகமோ, அதனுடைய கோப்புறையின் பெயரை மட்டும் மாற்றுங்கள். பெயர் மாறினால் வேர்ட்பிரஸ் அதைக் கண்டுபிடிக்க முடியாமல் விட்டுவிடும். எதையும் அழிக்க வேண்டாம்.

எது என்று தெரியவில்லை என்றால் 'பிளகின்ஸ்' கோப்புறையின் பெயரையே மாற்றுங்கள். தளம் வந்துவிட்டதா? டாஷ்போர்டில் பிளகின் பக்கத்தை ஒரு முறை திறங்கள். எல்லாம் முடக்கப்பட்டதாக அது பதிந்துகொள்ளும். பிறகு கோப்புறைக்குப் பழைய பெயரையே கொடுத்து, ஒவ்வொன்றாக இயக்கி, ஒவ்வொரு முறையும் முகப்பைத் திறந்து பாருங்கள். எந்தப் பிளகினை இயக்கியதும் தளம் மறுபடி விழுகிறதோ அதுதான் காரணம். முப்பது பிளகின் இருந்தால் பாதிப் பாதியாகப் பிரித்து இயக்கினால் ஐந்தாறு தடவையில் பிடித்துவிடலாம்.

இந்தப் படியைத் தாண்டிவிட்டுப் பலர் பிளகின் பக்கத்தைத் திறக்காமலேயே பெயரைப் பழையபடி மாற்றிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் எல்லாப் பிளகினும் மொத்தமாக உயிர் பெற்று, தளம் மறுபடி விழும்.

### எல்லாவற்றையும் நிறுத்தியும் வரவில்லை

அதே முறையில், தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் தீமின் கோப்புறைப் பெயரை மாற்றுங்கள்; வேர்ட்பிரஸுடன் வரும் இயல்பான தீம் ஒன்று சர்வரில் இருக்க வேண்டும். அதுவும் பலிக்கவில்லை என்றால் 'எம்யூ-பிளகின்ஸ்' கோப்புறையைப் பாருங்கள். அதில் கிடப்பவை முடக்கும் பொத்தானே இல்லாமல் எப்போதும் ஓடும். பக்கங்களின் நகலை வைத்துக்கொண்டு வேகமாகத் தரும் கேஷ் பிளகினை நீக்கிய பிறகும் அது விட்டுச்சென்ற 'அட்வான்ஸ்டு-கேஷ்', 'ஆப்ஜெக்ட்-கேஷ்' கோப்புகள் டபிள்யூபி-கன்டென்ட்டில் மிஞ்சியிருக்கும். அவற்றையும் பெயர் மாற்றிப் பாருங்கள்.

### பிழைப் பதிவு என்ன சொல்கிறது?

'டபிள்யூபி-கான்ஃபிக்' கோப்பில் பிழைகளைப் பதிந்து வைக்கும் டீபக், டீபக் லாக் இரண்டையும் இயக்கி, திரையில் காட்டும் டீபக் டிஸ்பிளேயை அணைத்து வையுங்கள். பிழைகள் டபிள்யூபி-கன்டென்ட்டில் 'டீபக்' என்ற பதிவுக் கோப்பில் சேரும். எச்சரிக்கைகள் நூறு இருந்தாலும் விட்டுவிடுங்கள். 'ஃபேட்டல்' என்று தொடங்கும் வரி மட்டும் போதும். அதில் பிளகின் கோப்புறையின் பெயர் இருக்கும். வேலை முடிந்ததும் டீபக்கை அணைத்து அந்தக் கோப்பை நீக்குங்கள். பல சர்வர்களில் அதை வெளியிலிருந்து யாரும் படிக்க முடியும்.

அடிக்கடி நான் பார்க்கும் வரிகள் இரண்டு வகை.

நினைவகம் போதவில்லை என்ற வரி: 134217728 பைட் தீர்ந்தது என்றால் 128 எம்பி எல்லை என்று பொருள். வேர்ட்பிரஸ் தானாக வைத்துக்கொள்ளும் எல்லை 40 எம்பிதான். கான்ஃபிக் கோப்பில் 256 எம்பி வரை உயர்த்திப் பாருங்கள். இந்த வரியில் பெயர் வரும் பிளகின் குற்றவாளியாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஏற்கெனவே நிறைந்த குடத்தில் கடைசிச் சொட்டை ஊற்றியது அது, அவ்வளவுதான். குடத்தை நிறைத்தது வேறொன்றாக இருக்கும்.

இல்லாத செயற்கூற்றை (நிரலில் ஒரு வேலையைச் செய்யும் பகுதி) அழைத்த வரி: இது பெரும்பாலும் பிஎச்பி மாற்றத்தால் வருவது. 2020 நவம்பரில் வந்த பிஎச்பி 8, 'கிரியேட் ஃபங்ஷன்' போன்ற பழையவற்றை அடியோடு எடுத்துவிட்டது. பல வருடமாக யாரும் தொடாத பிளகின்கள், ஹோஸ்டிங்கில் பிஎச்பி மாறிய அன்றே விழுந்தன. பேனலில் பிஎச்பியை 7.4க்குத் திருப்பினால் தளம் எழுந்துவிடும். ஆனால் 7.4க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பர் 28 உடன் முடிந்துவிட்டன. மாற்றுப் பிளகின் தேடும் சில நாளுக்கு மட்டும் அங்கே இருங்கள்.

புதிய அப்டேட்தான் காரணம் என்றால் பழைய பதிப்புக்குத் திரும்பலாம். வேர்ட்பிரஸ் பிளகின் களஞ்சியத்தில் அந்தப் பிளகினின் மேம்பட்ட பார்வைப் பக்கத்தில் முந்தைய பதிப்புகள் கிடைக்கும். ஜிப் கோப்பை இறக்கிப் பதிவேற்றினால் இருப்பதன் மேல் மாற்றி வைத்துக்கொள்ளும். தளத்தில் பொருள் விற்க உதவும் கடைப் பிளகின்களில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். புதிய பதிப்பு தரவுத்தள அமைப்பையே மாற்றியிருந்தால் பழைய பதிப்புக்கு அது புரியாது, ஆர்டர்கள் குழம்பும்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: பிழை வரி உங்களுக்காகத் தனியாக எழுதிய பிளகினைக் காட்டினால், அல்லது ஆர்டரும் பணமும் ஓடும் தளம் ஒரு மணி நேரமாகத் திறக்கவில்லை என்றால்.

## அறிகுறி 2: "பராமரிப்பில் இருக்கிறது, சற்று நேரத்தில் வாருங்கள்" என்று சொல்லி அப்படியே நிற்கிறது

அப்டேட் நடுவில் அறுந்துபோயிருக்கிறது. தளத்தின் மேல்மட்டக் கோப்புறையில், பெயர் புள்ளியில் தொடங்கும் 'மெயின்டனன்ஸ்' என்ற மறைகோப்பு இருக்கும். கோப்பு மேலாளரில் மறைகோப்புகளைக் காட்டச் சொல்லி அதை அழியுங்கள். பத்து நிமிடம் கடந்தால் வேர்ட்பிரஸே அந்தக் கோப்பைப் பொருட்படுத்தாது. அதற்குப் பிறகும் செய்தி தெரிந்தால் கேஷைத் துடைத்துப் பாருங்கள்.

கோப்பை அழித்ததோடு முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பாதி இறங்கிய பிளகின் உள்ளே கிடக்கும். அதை மறுபடி முழுதாக நிறுவுங்கள். தோற்ற அப்டேட்டைத் தானே பழைய நிலைக்குத் திருப்பும் வசதி, கையால் செய்யும் அப்டேட்டுகளுக்கு 6.3 பதிப்பிலும் தானியங்கி அப்டேட்டுகளுக்கு 6.6 பதிப்பிலும் வந்துவிட்டது. அதனால் வேர்ட்பிரஸைப் புதிதாக வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

## அறிகுறி 3: கட்டுரையைச் சேமிக்க முடியவில்லை, "ஜேசன் சரியில்லை" என்கிறது

ஜேசன் என்பது எடிட்டரும் சர்வரும் தகவல் பரிமாறும் வடிவம். முதலில் நிரந்தர இணைப்பு அமைப்புகளுக்குப் போய் எதையும் மாற்றாமல் சேமி பொத்தானை மட்டும் அழுத்துங்கள். பாதித் தடவை இதிலேயே தீர்ந்துவிடும். தீரவில்லை என்றால் தளத்தின் இரண்டு முகவரி அமைப்புகளிலும் எச்டிடிபிஎஸ் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து பாதுகாப்புப் பிளகின். "ரெஸ்ட் ஏபிஐயைத் தடு" என்ற கட்டத்தை யாராவது நல்லெண்ணத்தில் டிக் செய்திருப்பார்கள். கட்டுரை எழுதும் பிளாக் எடிட்டர் சர்வரோடு பேசிச் சேமிப்பதே அந்த வழியாகத்தான். கருவிகள் பகுதியில் உள்ள தள நலம் பக்கமும் இந்தத் தடையைக் காட்டிக்கொடுக்கும்.

ஒரு குறிப்பிட்ட கட்டுரை மட்டும் சேமிக்க மறுக்கிறதா? "சோதனை" என்று ஒரு சொல் மட்டும் எழுதிச் சேமித்துப் பாருங்கள். அது சேமித்தால், கட்டுரையில் உள்ள ஏதோ ஒரு துண்டை சர்வரின் பாதுகாப்புச் சுவரான ஃபயர்வால், தாக்குதல் என்று நினைத்துத் தடுக்கிறது. ஹோஸ்டிங் ஆட்களிடம் நேரத்தையும் உங்கள் ஐபி முகவரியையும் சொன்னால் எந்த விதி தடுத்தது என்று பார்த்து விலக்குவார்கள். இதில் நம் பக்கத்தில் செய்ய ஒன்றுமில்லை.

## அறிகுறி 4: மெனு திறக்கவில்லை, படத்தொகுப்பு நகரவில்லை, பொத்தான் அசையவில்லை

மறைநிலைச் சாளரத்தில் திறந்து பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் உங்கள் உலாவியின் கேஷ். அங்கேயும் அப்படித்தான் என்றால் கேஷ் பிளகினில் ஜாவாஸ்கிரிப்ட் (பக்கத்தை அசையவைக்கும் நிரல்) கோப்புகளை ஒன்றாக்குவது, தாமதமாக ஏற்றுவது என்ற இரண்டு தேர்வுகளையும் அணையுங்கள். வேகத்துக்காகச் செய்யும் இந்த இரண்டும்தான் என் அனுபவத்தில் முதல் காரணம்.

பிறகும் இருந்தால் உலாவியில் எஃப்12 அழுத்தி, பிழைகளைக் காட்டும் கன்சோலில் சிவப்பு வரியைப் பாருங்கள். ஜேகுவெரி (ஒரு ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) என்ற சொல் இருந்தால் பெரும்பாலும் பிளகின் பழசு. 5.5 பதிப்பு பழைய ஜேகுவெரிக்குப் பாலமாக இருந்த மைக்ரேட்டை எடுத்தபோது உலகம் முழுக்கப் பல தளங்களில் இப்படி நின்றது. பிளகினை அப்டேட் செய்யுங்கள். அப்டேட்டே இல்லை என்றால் வேறு பிளகினுக்கு மாறுங்கள்.

ஓடும் தளத்தில் எல்லாவற்றையும் நிறுத்திப் பார்க்கப் பயமா? 'ஹெல்த் செக் அண்ட் டிரபிள்ஷூட்டிங்' என்ற பிளகின் உங்கள் கண்ணுக்கு மட்டும் எல்லாப் பிளகினையும் நிறுத்திக் காட்டும். வாசகர்களுக்குத் தளம் வழக்கம்போல் ஓடும். சமூகமே சேர்ந்து செய்து கொடுத்த இலவசக் கருவி. எனக்கு இவ்வளவு உதவிய பிளகின் வேறில்லை.

## அறிகுறி 5: தமிழ் எழுத்து உடைகிறது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆங்கிலத் தளங்களை மட்டும் வைத்துச் சோதித்த பிளகின்களில் இது தெரியவே தெரியாது. உதவி கேட்கப் போனாலும் "எங்களுக்கு வரவில்லையே" என்பார்கள்.

### தமிழ் இருந்த இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள்

பதிவுகளில் தமிழ் நன்றாக இருக்கிறது, படிவத்தில் வந்த தகவல்களில் மட்டும் கேள்விக்குறி என்றால், அந்தப் பிளகின் தனக்கென்று உருவாக்கிய அட்டவணை தவறான குறிமுறையில் (எழுத்துகளைச் சேமிக்கும் முறை) இருக்கிறது. தரவுத்தளத்தைத் திறந்து காட்டும் பிஎச்பிமைஅட்மினில் அந்த அட்டவணையைத் திறந்து 'கொலேஷன்' நெடுவரிசையைப் பாருங்கள். 'யூடிஎஃப்8எம்பி4' என்று தொடங்க வேண்டும். 'லத்தீன்1' என்று இருந்தால் அதுதான் காரணம். வெறும் 'யூடிஎஃப்8' என்றால் தமிழ் வரும், ஆனால் யாராவது எமோஜி போட்டால் அந்தத் தகவல் சேமிக்காமல் போகும்.

ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். மேற்குறியிட்ட லத்தீன் எழுத்துகள் கோர்வையாக வந்தால் உள்ளே தமிழ் பத்திரமாக இருக்க வாய்ப்பு உண்டு, மீட்கலாம். கேள்விக்குறியாகவே சேமித்துவிட்டால் அந்த எழுத்து போனதுதான். பேக்கப்பில் இருந்தால் உண்டு. ஒரு பள்ளித் தளத்தில் சேர்க்கை விண்ணப்பப் பெயர்கள் முழுக்கக் கேள்விக்குறியாகி, ஒவ்வொரு பெற்றோரையும் மறுபடி அழைக்க வேண்டிவந்தது. அதிலிருந்து புதிய படிவப் பிளகின் எது போட்டாலும் முதல் சோதனையாக 'கௌசல்யா ஸ்ரீ' என்று உள்ளிட்டுப் பார்க்கிறேன். குறிமுறையை மாற்றும் கட்டளையை நீங்களாக ஓட்டாதீர்கள். தவறான வரிசையில் ஓட்டினால் மீட்கக்கூடியதும் கெட்டுவிடும். இங்கே தரவுத்தளம் தெரிந்தவர் வேண்டும்.

### சுருக்கத்தின் கடைசியில் ஒரு கறுப்புக் கட்டம் அல்லது கேள்விக்குறி

யூடிஎஃப்8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். பிளகின் எழுத்தை எண்ணாமல் பைட்டை எண்ணி வெட்டினால் எழுத்தின் நடுவில் கத்தி விழும். சரியாக எண்ணினாலும் புள்ளியோ துணைக்குறியோ தனியே கழன்று 'க்' என்பது 'க' ஆகிவிடும். உடனடித் தீர்வு, சுருக்கத்தைக் கையால் எழுதுவது. பிளகினில் எழுத்து எண்ணிக்கைக்குப் பதில் சொல் எண்ணிக்கை வைக்கும் தேர்வு இருந்தால் அதை வையுங்கள்.

இதை உருவாக்கியவருக்கு எழுதுங்கள். பெரும்பாலும் ஒரே வரித் திருத்தம்தான். வெட்டும் செயற்கூற்றின் பெயருக்கு முன் 'எம்பி' சேர்த்தால் போதும். ஒரு தமிழ் வாக்கியம், அமைத்த எண்ணிக்கை, வந்த விளைவின் படம் மூன்றையும் அனுப்புங்கள். சம்பளம் இல்லாமல் ஓய்வு நேரத்தில் எழுதுபவர்கள் இவர்களில் பலர். இப்படித் தெளிவாக எழுதினால் அடுத்த பதிப்பிலேயே சரிசெய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

### தலைப்பின் முகவரி பாதியில் வெட்டுப்படுகிறது

வேர்ட்பிரஸ் ஒரு பதிவின் முகவரிப் பெயருக்கு ஒதுக்கியது 200 இடம். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் முகவரியில் 9 இடம் எடுக்கும். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறி. அதுவே 45 இடம். ஆக நான்கு சிறிய சொற்களோடு இடம் தீர்ந்துவிடும். பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு அனுப்பும் மாற்றுவழிப் பிளகின்கள் சில, இந்த நீண்ட முகவரியைப் படிக்கத் தெரியாமல் திரும்பத் திரும்பத் தன்னிடமே அனுப்பிக்கொண்டிருக்கும். வெளியிடும் முன் முகவரிப் பெயரைக் குறுக்கிக் கையால் எழுதுங்கள்.

## அறிகுறி 6: தளம் ஆமையாக நகர்கிறது

'குவெரி மானிட்டர்' பிளகினைப் போட்டு மெதுவான பக்கத்தைத் திறங்கள். எந்தப் பிளகின் தரவுத்தளத்தில் எத்தனை வினவல், எவ்வளவு நேரம் என்று பெயரோடு காட்டும். வருகை எண்ணும் பிளகின்களும் தொடர்புள்ள பதிவுகளைத் தேடும் பிளகின்களும் அடிக்கடி மேலே நிற்கும். நீக்கிய பிளகின்கள் விட்டுச்சென்ற அமைப்புகள் ஒவ்வொரு பக்கத்திலும் ஏறிக்கொண்டிருக்கலாம்; 6.6 பதிப்பிலிருந்து இது 800 கேபியைத் தாண்டினால் தள நலம் பக்கம் எச்சரிக்கும். எல்லாப் பிளகினையும் நிறுத்தியும் மெதுவாகவே இருந்தால், ஹோஸ்டிங் திட்டத்தை உயர்த்துவதைப் பற்றி அப்போது பேசலாம். அதற்கு முன் பணம் செலவழிக்க வேண்டாம்.

## அறிகுறி 7: படிவத்தை நிரப்புகிறார்கள், மின்னஞ்சல் வருவதில்லை

அனுப்புநர் முகவரியில் வாசகரின் ஜிமெயில் முகவரி இருக்கிறதா? அதை உங்கள் டொமைன் முகவரியாக மாற்றி, வாசகரின் முகவரியைப் பதில் முகவரியில் வையுங்கள். அப்புறம், முறையான மின்னஞ்சல் சர்வர் மூலம் அனுப்பும் எஸ்எம்டிபி பிளகின் வழியாக அனுப்புங்கள். டொமைனில் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகள் (மின்னஞ்சல் உங்களிடமிருந்துதான் வந்தது என்று காட்டுபவை) வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இதில் கண்டிப்பாக இருக்கிறது. இந்தப் பதிவுகளை வைக்கும் டிஎன்எஸ் அமைப்பு பழக்கமில்லை என்றால் டொமைன் விற்றவரிடமே செய்துதரச் சொல்லுங்கள்.

## அறிகுறி 8: தளம் வேறெங்கோ தாவுகிறது, தெரியாத நிர்வாகி ஒருவர் இருக்கிறார்

யாரோ தளத்துக்குள் நுழைந்து தீநிரல் வைத்திருக்கிறார்கள். அது கூகுளிலிருந்து செல்பேசியில் வருபவர்களை மட்டும் சூதாட்டத் தளத்துக்கு அனுப்பும். நீங்கள் கணினியில் நேராகத் திறந்தால் நன்றாக இருக்கும். வாசகர் சொன்னால் நம்புங்கள். செல்பேசியில் தேடல் வழியாக நீங்களே போய்ப் பாருங்கள்.

எப்படி நுழைந்திருப்பார்கள்?

திருத்தாமல் விட்ட ஓட்டை. 2020 செப்டம்பரில் ஃபைல் மேனேஜர் பிளகினில் உள்நுழையாமலேயே யாரும் கோப்பைப் பதிவேற்றும் ஓட்டை வெளிவந்தது. 7 இலட்சத்துக்கு மேற்பட்ட தளங்களில் இருந்த பிளகின். 6.9 பதிப்பில் திருத்தம் வந்தது. அப்டேட் செய்யாதவர்கள் மாட்டினார்கள்.

கை மாறிய பிளகின். 2 இலட்சம் தளங்களில் ஓடிய டிஸ்பிளே விட்ஜெட்ஸ் 2017இல் விற்கப்பட்டு, புதியவர் கையில் ரகசியக் கதவோடு அப்டேட் ஆனது. களஞ்சியத்திலிருந்து அதை நீக்கினார்கள். ஆனால் களஞ்சியம் ஒரு பிளகினை மூடினால் உங்கள் டாஷ்போர்டு அதைச் சொல்லாது. மாதம் ஒரு முறை உங்கள் பட்டியலில் உள்ளவற்றின் பக்கங்களைத் திறந்து பாருங்கள்.

உடைத்த கட்டணப் பிளகின். 'இலவசமாகக் கிடைத்தது' என்று யாராவது ஜிப் கொடுத்தால் வாங்காதீர்கள். டபிள்யூபி-விசிடி என்ற தீநிரல் பரவியதே இப்படி உடைத்த தீம்களிலும் பிளகின்களிலும்தான்.

பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று: படங்கள் சேரும் 'அப்லோட்ஸ்' கோப்புறையில் பிஎச்பி கோப்புகள், 'எம்யூ-பிளகின்ஸ்' கோப்புறையில் நீங்கள் வைக்காதவை, பயனர் பட்டியலில் தெரியாத நிர்வாகிகள். கண்ணில் பட்டதை மட்டும் அழித்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். ஒன்றை அழித்தால் இன்னொன்று அதை மறுபடி எழுதும்.

முதலில் இப்போதைய நிலையையே ஒரு நகல் எடுங்கள். பின்னால் ஆராய வேண்டியிருக்கும். கோளாறுக்கு முந்தைய பேக்கப் இருந்தால் அதை ஏற்றி, உடனே எல்லாவற்றையும் அப்டேட் செய்யுங்கள். இல்லையென்றால் வேர்ட்பிரஸ், தீம், பிளகின் எல்லாவற்றையும் நீக்கிக் களஞ்சியத்திலிருந்து புதிதாக நிறுவுங்கள். பிறகு ஹோஸ்டிங், கோப்பு ஏற்றும் எஃப்டிபி, தரவுத்தளம், எல்லா நிர்வாகிகள் என்று கடவுச்சொற்களை மாற்றி, கான்ஃபிக் கோப்பில் உள்ள ரகசியச் சாவிகளையும் மாற்றுங்கள். சாவி மாறினால் உள்ளே உட்கார்ந்திருப்பவர் உட்பட எல்லோரும் வெளியே தள்ளப்படுவார்கள்.

வாடிக்கையாளர் முகவரியோ பணமோ மாணவர் விவரமோ உள்ள தளம் என்றால் இதில் எதையும் நீங்களாகத் தொடங்க வேண்டாம். அன்றைக்கே பாதுகாப்பு தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். ஒரு முறை சுத்தம் செய்து, ஒரு வாரத்தில் மறுபடி வந்தாலும் அப்படித்தான். அவருக்கு உங்கள் சொந்தக் கடவுச்சொல்லைக் கொடுக்காமல் தனியாக ஒரு நிர்வாகிக் கணக்கு திறந்து கொடுங்கள். எப்போதிலிருந்து என்ற நாளையும், நீங்கள் மாற்றியவற்றை எழுதிய தாளையும் சேர்த்துக் கொடுங்கள். வேலை முடிந்த அன்றே அந்தக் கணக்கை நீக்கிவிடுங்கள்.